கதை சொல்லும் ஓவியத்தில் வெளிச்சமும் முகங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில படங்களில் கை கால் எல்லாம் சரியாக இருக்கும், முகமும் அழகாக இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்பது மட்டும் புரியாது. பெரும்பாலும் அங்கே கோட்டில் குறை இருக்காது, வெளிச்சத்தில்தான் இருக்கும்.

எல்லா முகத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுப்பதைத்தான் பெரிய தவறு என்பேன். பத்துப் பேரை வரைந்தால் பத்து முகமும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசை வருகிறது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு அது சரி. கதைப் படத்தில், யாரை முதலில் பார்க்க வேண்டும், யாரை மெதுவாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்கிறது.

ரோமில் உள்ள சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்தில், இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1599-1600இல் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' இருக்கிறது. வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு தன் சீடனாக அழைக்கும் காட்சி அது. வரி வசூலிக்கும் மேசையைச் சுற்றி ஐந்து பேர், வலது ஓரத்தில் இயேசுவும் பேதுருவும். இயேசுவின் உடலைப் பேதுரு கிட்டத்தட்ட மறைத்து நிற்கிறார். இயேசுவின் முகத்தில் பாதி இருட்டு, நீட்டிய கை மட்டும் நன்றாகத் தெரிகிறது. வெளிச்சம் அவர் தலைக்கு மேலாக வந்து மேசைக்காரர்கள்மீது விழுகிறது. இடது கோடியில் ஒரு இளைஞனும் கண்ணாடி போட்ட கிழவரும் காசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் அவர்கள் வரைக்கும் வந்தும் நிமிரவில்லை. அந்த இரண்டு முகங்கள் இல்லாவிட்டால் அழைப்புக்கு இவ்வளவு எடை வந்திருக்காது.

நாயகனின் முகம்தான் அதிகப் பிரகாசமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பையும் இதோடு விட்டுவிடலாம். 1629 வாக்கில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த சிறிய எம்மாவு ஓவியம், உயிர்த்தெழுந்த இயேசுவை எம்மாவு ஊரில் சாப்பாட்டு மேசையில் சீடர்கள் அடையாளம் காணும் காட்சி. அதில் இயேசு வெறும் கறுப்பு நிழலுருவம். விளக்கு அவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அந்த ஒளியை வாங்குவது எதிரே மிரண்டுபோன சீடனின் முகம். யார் வந்திருக்கிறார் என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

இன்னொன்று இந்தக் காலத்துத் தவறு. ஒரு முகத்தை ஜன்னலோரம் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவது, இன்னொன்றை ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒருவர் மூக்கு நிழல் இடப்பக்கம், அடுத்தவருக்கு வலப்பக்கம். அவர்கள் ஒரே அறையில் இருப்பதாகவே தோன்றாது. முதலில் விளக்கு எங்கே என்று முடிவு செய்யுங்கள். களிமண்ணில் ஆளுக்கொரு உருண்டை பிடித்து ஒரே பல்பின் கீழ் வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம் நிழல் யார்மீது விழுகிறது என்பதும் கதைதான். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642) ஓவியத்தில் காவல் படைத் தலைவரின் கை நிழல் துணைத்தலைவரின் மஞ்சள் உடைமீது விழுகிறது. அந்த ஒரு நிழல் இருவரையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

நிழலுக்குக் கறுப்பைக் கலப்பது நம் மாநிற, கறுத்த முகங்களை வரையும்போது ரொம்பவே கெடுக்கும். கறுப்பு சேர்த்தால் தோல் கரி அப்பியதுபோல் உயிரில்லாமல் ஆகிவிடும். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்போடு கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் சேர்த்துப் பாருங்கள். நிழலுக்குள்ளும் வெளிச்சம் உண்டு. வெள்ளை வேட்டியிலிருந்து எழும்பும் ஒளி தாடைக்கு அடியில் தெரியும், செம்மண் தரையென்றால் அங்கே லேசாகச் சிவப்பு ஏறும். பளபளப்புக்கு வெறும் வெள்ளையை வைத்தால் பவுடர் பூசியதுபோல் இருக்கும். வெட்டவெளியில் நிற்பவரின் நெற்றியும் கன்ன எலும்பும் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கறுத்த தோலில் அது எவ்வளவு அழகு!

முகபாவத்திலும் அடக்கம் வேண்டும். எல்லோரும் வாய் பிளந்து நின்றால் அதிர்ச்சி நமக்கு வராது. ரெம்பிராண்ட் 1630இல் கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே வியப்பாகவும் கோபமாகவும் சிரிப்பாகவும் சின்னச் சின்ன செதுக்கோவியங்களில் பதிவு செய்தார். அந்தப் பயிற்சி நமக்கும் தேவை. ஆனால் படத்தில் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். எம்மாவு ஓவியத்தின் பின்பக்கத்தில் ஒரு பணிப்பெண் எதுவும் தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற அந்த வித்தியாசத்தை முகங்களுக்கிடையே விடுங்கள்.

வண்ணம் ஏற்றும் முன் படத்தை செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்து, தள்ளி வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்த முகம் முதலில் கண்ணில் படவில்லை என்றால், மற்ற முகங்களின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.