முன்னாள் வீரர் பட்டியல் போடப்போகிறவர்களுக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் 800 மீற்றர் ஓடியவள். பெரிய ஓட்டக்காரி இல்லை. மூன்றாவதாக வந்த நாட்கள்தான் அதிகம். இப்போது ஹட்டன் பக்கம் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் காலத்து மாணவர்களின் ஒன்றுகூடல் ஒன்றுக்காக, பல்கலைக்கழகத்தின் முன்னாள் விளையாட்டு வீரர்களின் பட்டியலைத் தொகுத்துத் தரும்படி கேட்டார்கள். ஒரு வாரத்து வேலை என்று தலையாட்டிவிட்டேன். ஏழு மாதம் எடுத்தது. அடுத்து யாராவது இதில் கைவைத்தால், என் அலைச்சலில் பாதியாவது அவருக்குக் குறையட்டும்.

முதலில், 'நம் பல்கலைக்கழகம்' எது என்று முடிவு செய்யுங்கள். சிரிக்காதீர்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தது. எல்லாப் பீடமும் சேர்ந்து வரவில்லை. பேராதனையில் மருத்துவ பீடம் 1962இல்தான் உண்டானது. பொறியியல் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து வந்தது. 1967இல் கொழும்பு தனியாகப் போனது, 1972இல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார்கள், 1978இல் அவிழ்த்துவிட்டார்கள். ஆகவே 1955ஆம் ஆண்டுப் பத்திரிகையில் 'பல்கலைக்கழக வீரர்' என்றிருந்து, அவர் மருத்துவ மாணவராகவும் இருந்தால், அவர் மகாவலிக் கரையில் ஓடியவர் அல்லர். பேராதனை வளாகத்தில் படித்தவர்கள் மட்டும் என்று நான் கோடு போட்டேன். நீங்கள் வேறு கோடு போடலாம்; அதைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, படித்தவரா, படிப்பித்தவரா என்பது. டங்கன் வைட்டைச் சேர்க்கவில்லையா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்றவர்; நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். கண்டி திரித்துவக் கல்லூரியின் பிள்ளை. ஆனால் அவர் அந்தப் பதக்கத்தை வாங்கியபோது பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்திருக்கவே இல்லை. பிற்காலத்தில் விரிவுரையாளராகத்தான் அங்கே வந்தார். அவருக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். மாணவர் வரிசையில் நுழைக்காதீர்கள்.

எதிர்வீரசிங்கம் விடயத்தில் இன்னும் பெரிய வாக்குவாதம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற தமிழர் நம்மவராக இல்லாமல் எப்படி என்று ஒரு நண்பர் கோபித்தே விட்டார். அவர் யாழ் மத்திய கல்லூரியில் படித்து, அங்கிருந்து லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அந்தப் பட்டியலில்தான் அவருக்கு இடம். அதே பட்டியலில் அமெரிக்காவின் ரேஃபர் ஜோன்சனும் தாய்வானின் சி. கே. யாங்கும் இருக்கிறார்கள், 1960 ரோம் ஒலிம்பிக்கின் பத்து அம்சப் போட்டியில் தங்கமும் வெள்ளியும் அந்த இருவருக்கே. ஒரே பல்கலைக்கழகம், இரண்டு கொடி. எனவே நாட்டுக்கு ஒரு நிரல், பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிரல் என்று பிரித்தே போடுங்கள்.

பட்டம் பெறாதவரைச் சேர்க்கலாமா? சேருங்கள். அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜக்கி ரொபின்சன் 1941இல் பட்டம் பெறாமலே அதே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனவர். அவர்களுடைய பேஸ்போல் மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் பக்கத்தில் 1983இல் பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. பட்டம் பெற்றோர் பதிவேட்டை மட்டும் பார்த்தீர்களானால் அவர்கள் அங்கே ஓடியதற்கே தடயம் இராது.

தூரத்தையும் நேரத்தையும் அன்று இருந்தபடியே எழுதுங்கள். 440 யார் என்பது 402.34 மீற்றர், அதை 400 ஆக்கினால் பொய். கையால் அமுக்கிய கடிகாரத்தின் 100 மீற்றர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்டுவது வழக்கம். கூட்டியதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள்.

இனிப் பெயர்கள். ஏழு மாதத்தில் ஐந்து மாதம் இதற்கே போனது. தேயிலைத் தோட்டத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, போட்டித் தாளில் இன்னொன்று. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சொன்னதை ஒருவர் ஆங்கிலத்தில் எழுத, அதிலிருந்து நாம் தமிழுக்கு எடுக்கிறோம். பெயரில் ழகரம் இருந்தால் தொலைந்தது. என் முதல் பிரதியில் 1981இன் 400 மீற்றர் ஓட்டக்காரி ஒருத்தி, அடுத்த ஆண்டு அஞ்சல் ஓட்டத்தில் ஓடியவள் இன்னொருத்தி. முதலெழுத்து வேறு, கடைசி இரண்டு எழுத்தும் வேறு. கொட்டகலையில் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனபிறகுதான் இருவரும் அவரே என்று தெரிந்தது.

அவர் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை இறக்கினார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே கற்பூர வாசம். மடிப்பில் கிழிந்த நான்கு சான்றிதழ்கள், விளையாட்டில் சிறந்தவர்களுக்குத் தரும் வர்ணச் சின்னம் ஒன்று, ஒரு படம். நான்கு சான்றிதழிலும் நான்கு விதமாக அவர் பெயர். "எதை எழுதட்டும் அக்கா?" என்றேன். ஒரு கொப்பியை இழுத்துத் தன் கையாலேயே எழுதித் தந்தார், ழகரத்தோடு. அன்றிலிருந்து இதுதான் என் வழி: ஆள் இருந்தால் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பெண்களிடம் கல்யாணத்துக்கு முந்திய பெயரையும் கேளுங்கள். பதிவேட்டில் தேட அதுதான் உதவும்.

படங்களை வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள். ஜன்னலோரம் ஒரு மேசையில் வைத்துக் கைத்தொலைபேசியில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். மூடுபனி இறங்கிய காலை நேரம் இதற்கென்றே வாய்த்தது போல இருக்கும்: பளபளப்பும் விழாது, நிழலும் விழாது. பின்பக்கத்தையும் எடுங்கள், பென்சில் எழுத்து அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் யார் என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்தால் உரத்துப் பேசுகிறவர் சொன்னதே சரியாகிவிடும்.

பத்திரிகைகளைக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்; வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. வார இறுதிப் போட்டிக்குத் திங்கட்கிழமைத் தாளைப் புரட்டுங்கள். பாடசாலை ஆண்டு மலர்களுக்கு, போவதற்கு முன் 'நூலகம்' என்ற மின்நூலக இணையத்தளத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். பஸ் காசு மிஞ்சும். முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அச்சில் போடாதீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். கொட்டகலை அக்காவுக்கு நான் வாசித்தது, '1981, 400 மீற்றர், முதலாம் இடம்.' மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"முதலாவது நான் இல்லை டீச்சர், இரண்டாவது. முதலாவதாக வந்தவள் மஸ்கெலியாவில் இருக்கிறாள். நம்பர் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."