கொடை வீடியோவைப் பென்டிரைவில் அடக்குவது எப்படி

போன வருஷம் ஆடிக் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, முடிந்து பத்து நாள் இருக்கும். கமிட்டித் தலைவர் அண்ணாச்சி போன் போட்டார். "ஏ தம்பி, உம்ம பென்டிரைவை டிவியில சொருகிட்டு வீட்டாளுக அம்புட்டு பேரும் உக்காந்திருக்கோம். மேளச் சத்தம் நல்லாத்தான் கேக்கு. சாமியைத்தான் காணும்!"

அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு ஆற்றைத் தாண்டினால் போதும். போய்ப் பார்த்தேன். டிவி கறுப்பாக நிற்கிறது, உள்ளே நையாண்டி மேளம் வெளுத்து வாங்குகிறது. தப்பு என்னுடையது. இடம் மிச்சமாகுமே என்று எச்.265 என்கிற புது வீடியோச் சுருக்க முறையில், அதுவும் நிறத்தை இன்னும் நுணுக்கமாக எழுதும் 10 பிட்டில் சுருக்கிக் கொடுத்திருந்தேன். அந்த டிவி வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. அதற்குள் இருக்கிற சிப்புக்கு முந்தைய முறையான எச்.264 தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒலி மட்டும் பழைய ஏஏசி முறையில் இருந்ததால் வந்துவிட்டது.

கல்யாணம், சடங்கு, கொடை என்று பதினெட்டு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். அன்றிலிருந்து அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுவது, "எதுல போட்டுப் பாப்பிய?" முடிந்தால் அந்த டிவியின் மாடல் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். நீங்களும் சாப்ட்வேரைத் திறக்கும் முன் இதைத்தான் செய்ய வேண்டும்.

எச்.264-க்கான விதிப்புத்தகத்தை 2003-ல் எழுதியவர்களும் இந்தப் பக்கத்திலிருந்துதான் யோசித்திருக்கிறார்கள். சுருக்கியதை விரிப்பது எப்படி என்று அதில் வரிவரியாக இருக்கும். சுருக்குவது எப்படி என்று கட்டளை கிடையாது. விரிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொடு, எப்படி எழுதுவாயோ அது உன் சாமர்த்தியம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் நேற்று வந்த என்கோடர் (சுருக்குகிற சாப்ட்வேர்) சுருக்கியதைக்கூட அண்ணாச்சி வீட்டுப் பழைய டிவி ஓட்டுகிறது, நாம் அதன் பாஷையில் எழுதிக்கொடுத்தால்.

சுருக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1080 புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு பிரேம், அதாவது ஒரு தனிப்படம், 62,20,800 பைட். விநாடிக்கு 25 பிரேம். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி போகும். 32 ஜிபி பென்டிரைவில் மூன்றரை நிமிஷம்கூடத் தேறாது. நம் கேமரா கார்டில் எழுதும்போதே சுருக்கித்தான் எழுதுகிறது. விநாடிக்கு 50 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 22.5 ஜிபி. அதை இன்னும் ஒடுக்குவதுதான் நம் வேலை.

எப்படி ஒடுங்குகிறது என்பது கொடை எடுக்கிறவனுக்குச் சுலபமாகப் புரியும். வில்லுப்பாட்டு நடக்கிறது. புலவர் உட்கார்ந்திருக்கிறார், வீசுகோல் ஆடுகிறது, குடம் அடிக்கிறவர் கை ஆடுகிறது. பின்னால் கட்டியிருக்கும் பந்தல் துணி மூன்று மணி நேரமும் அதே துணி. என்கோடர் முதல் பிரேமை முழுசாக எழுதிவிட்டு, அடுத்ததற்கு "போன தடவை இருந்ததேதான், இந்தக் கட்டம் மட்டும் நாலு புள்ளி வலதுபக்கம் நகர்ந்திருக்கிறது" என்று எழுதினால் போதும். முழுசாக எழுதுவதைக் கீஃப்ரேம் என்கிறோம்.

நடுச்சாமம் சுடலைமாடன் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டை என்று கிளம்பும்போது கதை மாறிவிடும். தீப்பந்தம், புகை, ஓடுகிற கூட்டம், மினுக்குகிற சீரியல் செட், சாமிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே எடுக்கிற நான். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரே தரத்தில் சுருக்கினால் என் கையில் மூன்று மணி நேர வில்லுப்பாட்டு, நாற்பது நிமிஷ வேட்டையைவிடச் சின்ன ஃபைலாக வருகிறது. பாணதீர்த்தமும் குற்றாலமும் இதே ரகம்தான். விழுகிற தண்ணீரை எந்த என்கோடராலும் ஊகிக்க முடியாது.

பிரேமுக்குள்ளேயே இன்னொரு வேலை நடக்கிறது. புலவரின் வெள்ளை வேட்டியில் 8-க்கு 8 கட்டம் ஒன்றை எடுங்கள். 64 புள்ளி, கிட்டத்தட்ட ஒரே வெள்ளை. அதை டிசிடி என்கிற கணக்கில் போட்டால் ஒரு பெரிய எண்ணும் 63 குட்டி எண்களும் வரும். வகுத்து முழுதாக்கினால் குட்டி எல்லாம் சைபர். "ஒரு எண், மீதி சைபர்" என்று எழுதிவிட்டால் முடிந்தது. பந்தத்தின் தீ நாக்கு விழுந்த கட்டத்தில் சைபர் அவ்வளவு கிடைக்காது. அங்கே அழுத்தி வகுத்தால்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். நான் லைட் பிடித்த விசிடி காலத்தில், மாப்பிள்ளை பெண் மேல் பூ தூவினால் பூவெல்லாம் சதுரமாக விழும். அது இந்தக் கோளாறுதான்.

இந்த டிசிடியை 1974-ல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரிடம் ஆராய்ச்சி செய்த டி. நடராஜன், கே.ஆர். ராவ். அகமது 1972-லேயே இதை ஆராய அமெரிக்காவில் பணம் கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. பிறகு ஜேபெக் படத்திலிருந்து விசிடி, டிவிடி என்று எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம் ஆனது. எச்.264-ல் இருப்பது அதன் முழு எண் வடிவம். நடராஜரின் தாமிர சபை இருக்கிற திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு அந்த நடுப்பெயரைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்.

சரி, வேலைக்கு வருவோம். ஹேண்ட்பிரேக் என்கிற சுருக்கும் சாப்ட்வேர் இலவசம், அது போதும். எடிட் முடித்த ஃபைலைத் திறங்கள். வடிவம் எம்பி4. வீடியோ பக்கத்தில் என்கோடர் எச்.264 (எக்ஸ்264). பட்டியலில் 10 பிட் என்று இன்னொன்று நிற்கும், தொடாதீர்கள். எச்.264-ஐ 10 பிட்டில் விரிக்கிற டிவி அபூர்வம். பிரேம் வேகம் சோர்ஸில் உள்ளபடி, மாறாத வேகம். யாராவது போனில் எடுத்துக் கொடுத்த துண்டு இருந்தால், எடிட்டுக்கு எடுக்கும் முன்பே அதை இந்த மாறாத வேகத்துக்கு மாற்றிக்கொள்வது ரொம்ப முக்கியம். போன் தன் இஷ்டத்துக்கு வேகத்தை ஏற்றி இறக்கி எழுதியிருக்கும், எடிட்டில் வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

அடுத்தது ஆர்.எஃப் என்கிற தர எண். எண் குறைந்தால் தரமும் கூடும், சைஸும் கூடும். கொடைக்கு நான் 21 வைக்கிறேன், கல்யாணத்துக்கு 20. "மொத்தம் இத்தனை ஜிபிக்குள் வேண்டும்" என்று பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு இத்தனை பிட் என்பதை, பூட்டி வைப்பது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் பந்தல் துணிக்குத் தேவையில்லாமல் பிட் போகும், வேட்டைக்குப் பட்டினி. தரத்தைப் பூட்டுங்கள், பிட்டை அது வேண்டிய இடத்தில் செலவழித்துக்கொள்ளட்டும். வேகம் "ஸ்லோ". ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். கிராபிக்ஸ் கார்டு வழியாகச் சுருக்கினால் சீக்கிரம் ஆகும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெருத்துவிடும். எடிட் சரிபார்க்கக் கொடுக்கும் காப்பிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

ராத்திரி வீடியோவில் இரண்டு இடத்தில் ஏமாந்திருக்கிறேன். ஒன்று, ஓரத்தை வெட்டும் கிராப் ஆப்ஷன். தானாகவே விட்டால் இருட்டு ஓரத்தைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடும். சுடுகாட்டுக் காட்சியில் ஒருத்தர் பாதித் தோளோடு நின்றார். அதை "வேண்டாம்" என்று வையுங்கள். இன்னொன்று மணல் மாதிரி பொரியும் நாய்ஸ். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி எடுத்தால் இருட்டு முழுக்க அது துள்ளும். ஒரு பொரி போல இன்னொரு பொரி இருக்காது, எனவே என்கோடர் அத்தனையையும் புதுச் செய்தி என்று எழுதி வைக்கும். நம் பிட்டெல்லாம் வெறும் இருட்டுக்குப் போகும். ஃபில்டர் பக்கத்தில் டீநாய்ஸை என்எல்மீன்ஸ் வைத்து, அளவை "அல்ட்ராலைட்" வையுங்கள். ரொம்ப நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அதற்கு மேல் ஏற்றினால் சாமியாடியின் முகத்தில் பூசிய சந்தனம் மெழுகு மாதிரி ஆகிவிடும்.

முழுசாக ஓட விடாதீர்கள். ரேஞ்சில் விநாடிக் கணக்கு என்று மாற்றி, வேட்டையில் மோசமான ஒரு நிமிஷத்தை மட்டும் சுருக்கி, பென்டிரைவில் ஏற்றி, அந்த வீட்டு டிவியிலேயே போட்டுப் பாருங்கள். டீக்கடை டிவி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் கணக்கில் சேராது.

பழைய டிவி பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. வேட்டை மட்டும் சில வருஷம் தாண்டிவிடும். அந்த ஒரு ஃபைலுக்குத்தான் நான் பிட்ரேட் கணக்குக்கு இறங்குவேன். ஜிபியை 8000-ஆல் பெருக்கி விநாடியால் வகுக்க வேண்டும். 3.8 ஜிபி, 40 நிமிஷம் என்றால் 30,400-ஐ 2,400-ஆல் வகுக்க விநாடிக்கு 12.67 மெகாபிட். ஒலிக்கு 0.16 போக 12.5. மல்டி பாஸை டிக் பண்ணிவிடுங்கள், முதல் சுற்றில் எங்கே பந்தம் எங்கே பந்தல் என்று பார்த்துவிட்டு இரண்டாவது சுற்றில் பங்கு போடும்.

எச்.265 (2013) கெட்டது என்று சொல்லவில்லை. என் ஹார்ட்டிஸ்கில் சேர்த்து வைக்கும் காப்பி அதில்தான். கட்டத்தை 64-க்கு 64 வரை பெரிதாக எடுக்கும், பந்தல் துணி ஒரே கட்டத்தில் முடியும். 2018-ல் வந்த ஏவி1 ராயல்டி கேட்காது, நெட்டுக்கு நல்லது, பழைய டிவிக்கு ஆகாது. ஆனால் கேமரா கொடுத்த ஒரிஜினலை ஒரு வருஷமாவது அழிக்காதீர்கள். பத்தமடைப் பாயைச் சுருட்டி வைத்தால் விரிக்கும்போது அதே பாய். வீடியோவில் சுருக்கும்போது எறிந்தது எறிந்ததுதான். சுருக்கியதை மறுபடி சுருக்கினால், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த வேட்டை மாதிரி, தீப்பந்தம் ஆரஞ்சுச் செங்கலாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கடைசியாக ரிமோட். அண்ணாச்சி வீட்டு ஆச்சிக்கு முழுக் கொடையும் வேண்டாம். "எம் பேரன் பந்தம் பிடிச்சு வாரானே, அதை மட்டும் போடுய்யா" என்பார்கள். முன்னால் தள்ளினால் டிவி கீஃப்ரேம் இருக்கும் இடத்தில்தான் போய் நிற்கும், அங்கிருந்துதான் டிகோடரால் (டிவிக்குள் விரிக்கிற சிப்பால்) விரிக்க முடியும். சும்மா விட்டால் இந்த இடைவெளி 250 பிரேம் வரை போகும். அதாவது 10 விநாடி. பேரன் தாண்டிப் போய்விடுவான். கூடுதல் ஆப்ஷன் பெட்டியில் கீஃப்ரேம் இடைவெளியை keyint=50 என்று எழுதுங்கள், ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை. அதோடு மாக்காப்பு, வில்லு, சாமக்கொடை, வேட்டை என்று தனித்தனி ஃபைலாக 01, 02 என நம்பர் போட்டுக் கொடுங்கள்.

அண்ணாச்சிக்கு மறுபடி போட்டுக் கொடுத்த பென்டிரைவோடு டப்பிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன்: 04 வேட்டை, 12-வது நிமிஷம், பேரன்.