வேளாண் ட்ரோன் பைலட் ஆக விரும்புவோர் கவனத்துக்கு

வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குவதைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர், கடன் வாங்கியாவது முதலில் ட்ரோனை வாங்கிவிட வேண்டும் என்று எண்ணுவது தவறு. முதலில் வேண்டியது சான்றிதழ். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 10 லிட்டர் தொட்டி கொண்ட வேளாண் ட்ரோன்கள் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலான 'சிறிய' வகையில் அடங்கும். அவற்றை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற, 18 முதல் 65 வயதுக்கு உட்பட்ட எவரும், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்று இதைப் பெறலாம். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்.

பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், தொட்டியில் நீர் நிரப்பிய வேளாண் ட்ரோனையே பறக்கவிடப் பழக்குவார்களா என்று கேட்டறிவது நல்லது. நிறைந்த தொட்டியோடு எழும்பும் ட்ரோனும், தெளித்து முடித்துத் திரும்பும் ட்ரோனும் கைக்கு ஒன்றுபோல் அடங்குவதில்லை.

பறக்கவிடுவதைவிட மருந்தை அறிவதே கடினம் என்பது என் கருத்து. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் நீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் சுமார் 10 லிட்டரில் கலக்கிறோம். ஆகவே ஒவ்வொரு துளியும் பல மடங்கு செறிவானது, காற்றில் விலகிச் சென்றால் விளையும் கேடும் அதற்கேற்பப் பெரிது. நெல்லுக்கு அடிக்கும் 2,4-டி களைக்கொல்லி பக்கத்துப் பருத்தியில் பட்டால் இலைகள் சுருண்டுவிடும். பூச்சிக்கொல்லி மல்பெரித் தோட்டத்தில் படிந்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் மடியும். காற்று அடங்கிய காலையிலோ மாலையிலோ மட்டும் தெளிப்பதும், அக்கம்பக்கத்து வயல்களில் என்ன பயிர், எங்கே தேனீப்பெட்டி, எங்கே மீன்குட்டை என்று வரப்பைச் சுற்றி நடந்து பார்ப்பதும் இதனால்தான். அந்த நடையிலேயே மின்கம்பிகளையும் தென்னை மரங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ட்ரோன் வரைபடத்தில் தடையற்ற பகுதியாகக் குறிக்கப்பட்ட பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன்அனுமதி தேவையில்லை. விமான நிலையங்களுக்கு அருகில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், புதிய ஊருக்குச் செல்லுமுன் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் உள்ள அந்த வரைபடத்தைப் பார்த்துவிடவும்.

வருமானம் பருவத்தைப் பொறுத்தது. குறுவையிலும் சம்பாவிலும் வேலை நெருக்கும், இடையில் கை சும்மா இருக்கும். எனவே முதல் ஓரிரு பருவங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ இயந்திர வாடகை மையத்திலோ பைலட்டாக வேலை பார்த்து, எந்த ஊரில் எப்போது தேவை எழுகிறது என்று அறிந்த பின் சொந்த ட்ரோனைப் பற்றி யோசிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு, ட்ரோன் வாங்க மத்திய அரசின் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் உண்டு.

வாங்கும்போது வகைச் சான்று (அந்த மாடல் உரிய தரத்தில் உள்ளது என்ற அங்கீகாரம்) பெற்ற மாடலா என்று பார்த்து, ட்ரோனின் பதிவு எண்ணான தனி அடையாள எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் பெற்ற பின்னரே வயலில் இறக்க வேண்டும். ஒரு தொட்டி தெளித்ததும் பேட்டரி ஏறத்தாழத் தீர்ந்துவிடும் என்பதால், மாற்று பேட்டரிகளுக்கும் வயலோரம் சார்ஜ் செய்ய ஜெனரேட்டருக்கும் ஆகும் செலவைத் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும்.