சம்பளம் நின்றுபோன வீட்டில் முதலில் செய்யக்கூடாதவை

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர்களின் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும், மடிப்பில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு வாரமாக என் வீட்டுக்காரர் சட்டையில் பஞ்சே இல்லை. கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். வேலை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. தினமும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சேலம் அம்மாபேட்டையிலிருந்து கிளம்பிப் போய், பழைய பஸ் ஸ்டாண்டில் பொழுதைக் கழித்துவிட்டு வந்திருக்கிறார்.

மறைத்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. அடுத்த தவறு அதிலிருந்தே வந்தது. சம்பளத் தேதிக்குக் கையில் ஏதாவது காட்ட வேண்டுமே என்று அவர் தண்டல் வாங்கிவிட்டார். 10,000 என்று பேச்சு, பிடித்தம் போகக் கைக்கு வந்தது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். சம்பளம் வருகிற வீட்டுக்கே இது பாரம். வருமானமே இல்லாத வீட்டில், தண்டல்காரருக்குக் கொடுக்க இன்னொரு இடத்தில் கைமாற்று வாங்க வேண்டி வரும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் என்று வந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனாலும் வாங்காமல் இருப்பதுதான் நல்லது.

அதனால் விஷயம் தெரிந்த அன்றே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், பிள்ளைகளையும் சேர்த்துத்தான். நாங்கள் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்து, அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி என்று எங்கள் சின்னவன் நினைத்திருக்கிறான். வேலைதான் போயிற்று என்று சொன்னதும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் நகை. கையில் காசு இல்லை என்றதும் இருப்பதையெல்லாம் கொண்டுபோய் அடகு வைத்துவிடுகிறோம். அடகுக் கடையில் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். முதலில் பேங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ கேளுங்கள். என்னைக் கேட்டால், ஆறு மாதத்துக்குள் வருமானம் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சின்ன நகையை விற்றுவிடுவதே மேல். எல்லாவற்றையும் அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்கு விடுவதைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. பெண்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமான முடிவு, எனக்குத் தெரியும். குழுக் கடன் இருந்தால் தவணைத் தேதிக்கு முன்பே போய் நிலைமையைச் சொல்லுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை வசூலிக்கக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

நிர்வாகம் நீட்டுகிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நானே விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில். பி.எஃப். பணத்தை அவசரத்தில் மொத்தமாக வழித்து எடுத்துவிடாதீர்கள். பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் பின்னால் மாதப் பென்ஷன். எட்டு, ஒன்பது வருடம் ஆனவர்கள் பென்ஷன் பங்கைத் தொடாமல் விட்டு, அடுத்த வேலையின் சர்வீஸை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். வேலை போன அன்றே ஈ.எஸ்.ஐ. வைத்தியமும் நின்றுவிடாது. போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் அதற்குரிய காலம்வரை தொடரும். இது தெரியாமல் என் மாமியாரின் சுகர் மாத்திரைக்கு நாங்கள் அநாவசியமாக வெளியே செலவழித்தோம். அப்படியே, வேலையில்லாத காலத்துக்கான உதவித்தொகை கிடைக்குமா என்றும் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் கதை வேறு. அவர்கள் கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் பற்றவைப்பவர்கள். ஆர்டர் இல்லையென்றால் அந்த வாரம் கூலி இல்லை, பி.எஃப். என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையாவது கையில் இருக்க வேண்டாமா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

ஊருக்காகச் செலவு செய்வதை விடுங்கள். சேலத்தில் ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கும், கறிச்சோறு போடாமல் இருக்க முடியாது. அந்த வருடம் நான் நாத்தனாரிடம் போனில் சொல்லிவிட்டேன், “இந்தத் தடவை கூழும் கீரையும்தான், வாங்க.” வந்தார்கள். போகும்போது பத்து கிலோ அரிசியும் எண்ணெயும் வைத்துவிட்டுப் போனார்கள். மறைத்திருந்தால் கடன் வாங்கிக் கறி எடுத்திருப்பேன்.

வீட்டுக்கணக்கு எழுதும்போது ஈ.பி. பில்லை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மாதக் கணக்கில் அது கண்ணில் படாது.

“சும்மாதானே இருக்கீங்க, போய்த் தண்ணி பிடிச்சுட்டு வாங்க.” இதை நான் ஒருநாள் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார், அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. வேலை வாங்குவதில் தப்பில்லை, அந்தச் ‘சும்மா’தான் தப்பு. ராத்திரி தூக்கம் இல்லாமல் புரள்வது, யாரோடும் பேசாமல் இருப்பது, குடி கூடுவது, நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் என்ற பேச்சு — இவற்றைச் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.

பழைய சம்பளம் கிடைத்தால்தான் போவேன் என்று அவர் நான்கு மாதம் காத்திருந்தார். அந்த நான்கு மாதத்தில்தான் என் வளையல் போனது. இப்போது லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார், பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக்கு வந்தால் சட்டையில் மிளகாய் நெடி. துவைக்கும்போது எனக்குத் தும்மல் வரும்.