பழைய டீசல் எஸ்யூவி வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய எஸ்யூவி பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைத் தடவுகிறார்கள், ஏசி குளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆவணங்களைச் சரிபார்ப்பது, விபத்தில் சிக்கிய வண்டியா என்று பார்ப்பது, ஓடாமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுவது எல்லாம் இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் பழைய காருக்கும் அவை பொது. டீசலுக்கென்றே சில கோளாறுகள் இருக்கின்றன. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அவை வெளியே வராது. வாங்கி இரண்டு மாதம் கழித்து, ஆட்களும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காமல் நிற்கும். அப்போதுதான் தெரியும்.

## கிலோமீட்டர் குறைவு என்று மகிழ்வது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மாறாத தவறு இது. எட்டு வருட வண்டி, 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஒரே உரிமையாளர், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்குப் போகவும் மட்டும் எடுத்தார்கள் என்று விற்பவர் சொல்வார். வாங்குபவர் அங்கேயே மனதில் முடிவு செய்துவிடுவார். டிபிஎஃப் பொருத்திய டீசல் என்ஜினுக்கு இதைவிட மோசமான உழைப்பு வேறு கிடையாது.

டிபிஎஃப் என்பது புகை வெளியேறும் பாதையில் இருக்கும் வடிகட்டி. தேன்கூடுபோல நுண்ணிய அறைகள் கொண்டது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு உள்ளே ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும் வண்டியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். மீதியை எரிக்க, பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டர் பிஸ்டன் கீழிறங்கும் நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். வண்டியை இழுக்க அல்ல, புகைப் பாதையைச் சூடேற்ற. இந்த எரிப்பு முழுதாக முடிய வண்டி பத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும்.

மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் எப்படி முடியும்? பாதியில் அணைத்துவிடுகிறார்கள். அடுத்த பயணத்தில் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு முறையும் தெளித்த டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலோடு கலக்கிறது. பெட்ரோல் கலந்தால் சூட்டில் ஆவியாகிப் போக வாய்ப்புண்டு. டீசல் அவ்வளவு எளிதில் போகாது. ஆயில் நீர்த்துக்கொண்டே வரும். அதன் முதல் அடி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் அதன் தண்டை ஓர் ஆயில் படலம்தான் தாங்குகிறது. அடுத்தது கிராங்க் பேரிங்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறி நிற்கிறதா? “தாராளமாக ஆயில் ஊற்றி வைத்திருக்கிறார்கள், நன்றாகப் பராமரித்த வண்டி” என்று அதைப் பார்த்து முன்பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறி நிற்பது பெரும்பாலும் டீசல். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். வழவழப்பு குறைந்து தண்ணீர்போல ஓடும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். அளவு மேலும் ஏறினால் ஆயில் காற்றுப் பாதைக்குள் போய்விடும். என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நிற்காமல் வெறிபிடித்ததுபோலச் சுற்றும். அப்படிச் சுற்றிய என்ஜின் தப்புவது அரிது.

அடுத்து என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மூன்று எண்களைக் கேளுங்கள்: வடிகட்டியில் இப்போது எவ்வளவு கரி இருக்கிறது, கடைசியாக எரிப்பு முழுதாக முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது, வழக்கமாக எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிப்பு நடக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் இரண்டு எரிப்புக்கு நடுவே சில நூறு கிலோமீட்டர் இருக்கும். ஐம்பது, எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் இரண்டில் ஒன்று. வடிகட்டியில் சாம்பல் சேர்ந்து இடமே இல்லாமல் போயிருக்கலாம். அல்லது என்ஜின் அளவுக்கு மீறிக் கரி கக்கலாம். இந்த இரண்டாவதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒழுகும் இன்ஜெக்டர், கிழிந்த டர்போ ஹோஸ், திறந்தபடியே ஒட்டிக்கொண்ட இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் வால்வ்) இவற்றைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் புதிதாகப் போட்டால் புதியதும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் பெரும்பாலும் என்ஜின் ஆயிலில் சேர்க்கும் ரசாயனங்களிலிருந்து வருகிறது. அதனால் சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரைப் படியுங்கள். டிபிஎஃப் உள்ள என்ஜின்களுக்குக் குறைந்த சாம்பல் தரும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஏசிஇஏ சி2, சி3 போன்ற தரங்கள் அந்த வகை. எந்தத் தரம் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். சாதாரண டீசல் ஆயிலையே ஊற்றி ஓட்டிய வண்டி பளபளவென்று இருந்தாலும் வடிகட்டியின் ஆயுளைத் தின்றிருக்கும்.

ஆகவே 1,20,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருக்கும் வண்டியும், 40,000 கிலோமீட்டர் தெருவுக்குள்ளேயே ஓடிய வண்டியும் பக்கத்தில் நின்றால் முதல் வண்டியை எடுங்கள். எவ்வளவு ஓடியது என்பதைவிட, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எந்தச் சாலையில் ஓடியது என்று கேளுங்கள்.

## டிபிஎஃப்பைக் குடைந்தெடுத்த வண்டி

அடைத்த வடிகட்டியை மாற்றுவதற்குப் பதில் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் அதை மறைத்து விற்கிறார்கள். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள். வடிகட்டி வேலை செய்யும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். மையாக அப்பினால் அது இல்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. வடிகட்டியின் கூட்டைக் கீழிருந்து பார்த்தால் வெட்டி மறுபடி வெல்டிங் வைத்த தழும்பும் தெரியும். புகைச் சோதனை நடக்கும் இடங்களில் அந்த வண்டி உங்கள் பெயரில்தான் மாட்டும்.

## சூடான என்ஜினைப் பார்ப்பது

நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அன்று பார்க்காதீர்கள். ஒரு இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும்.

செல்ஃப் அடித்ததும் இரண்டு மூன்று நொடியில் பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, குலுங்கிக்கொண்டே பிடித்தால் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் மூன்றையும் சந்தேகப்படுங்கள். சூடான என்ஜினில் இந்த மூன்றும் ஒளிந்துகொள்ளும். முன்பக்கம் சங்கிலி உரசும் ஓசை ஒரு நொடியில் அடங்காமல் நீண்டால், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. ஓடத் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே, இன்னும் சூடேறாத ஹோஸ் கல்போல விறைத்தால் சிலிண்டர் காற்று கூலன்டுக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். இனிப்பு வாடையோடு நீண்டு வரும் வெள்ளை என்றால் கூலன்ட். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இஜிஆர் கூலர் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்வது இயல்பு. தூக்கி எறிந்து புகை பீறிட்டால் ரிங் தேய்ந்த என்ஜின்.

## “கோடு எதுவும் இல்லை”

ஸ்கேனரில் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடு, இல்லாததை மட்டும் நல்ல சகுனமாக எடுக்காதீர்கள். காலையில்தான் அழித்திருக்கலாம். அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண் பெரும்பாலான வண்டிகளில் ஓபிடி (ஸ்கேனர் மாட்டும் இணைப்பு) மூலம் கிடைக்கும். அது 6 கிலோமீட்டர் என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். சுயசோதனைகள் “முடியவில்லை” என்று வரிசையாகக் காட்டினாலும் அதே பொருள்தான்.

அந்தக் குறியீடுகளைவிட ஓட்டத்தில் வரும் எண்கள் உண்மை பேசும். ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் முழுக்க மிதித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கேட்ட டர்போ அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். கேட்டது ஒன்று, கிடைப்பது குறைவு என்றால் ஹோஸ் கிழிசல் அல்லது டர்போவின் இதழ்கள் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயான ரெயிலின் அழுத்தத்துக்கும் இதே சோதனைதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் இன்ஜெக்டர் திருத்த அளவுகளில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அந்த இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள்.

## டீசல் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் விடுவது

ஹை பிரஷர் பம்ப் உள்ளே தேயத் தொடங்கினால் உலோகத்தூள் டீசலில் கலந்து ரெயில், இன்ஜெக்டர், டேங்க் எல்லாவற்றுக்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றினால் நிற்காது, முழு அமைப்பையும் மாற்றிக் கழுவ வேண்டும். விற்பவர் சம்மதித்தால் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் டீசலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் பாருங்கள். வெள்ளித்தூள்போல மினுங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

## டைமிங் பெல்ட்

சில என்ஜின்களில் டைமிங் செயினின் வேலையை ஒரு பெல்ட் செய்யும். அதை மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை.

## ஆட்ப்ளூ

ஆட்ப்ளூ என்பது புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியாக் கரைசல். அதைத் தெளிக்கும் முனையில் வெள்ளைப் படிகமும் டாஷ்போர்டில் எச்சரிக்கையும் இருந்தால் சரிசெய்து தரச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

## ஃப்ளைவீல்

அணைக்கும்போது கீழே கடகடவென்று அடித்து நின்றால் இரட்டை ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு தட்டுச் சக்கரம்) முடிந்தது. கிளட்ச்சோடு சேர்த்து விலை பேசுங்கள்.

## ஆட்டோமேட்டிக் என்றால் ரேடியேட்டர்

சில எஸ்யூவிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உள்ளுக்குள் ஓட்டையானால் கூலன்ட் கியர் ஆயிலில் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறமாகும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் அந்த நிறத்தைப் பார்த்தால் கியர்பாக்ஸும் போய்விட்டது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

## நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே பார்க்காதது

லீவரோ பட்டனோ வருடக்கணக்கில் தொடாமலேயே கிடந்து துருப்பிடித்து இறுகியிருக்கும். மண் தரையில் வண்டியை நிறுத்தி 4ஹெச் (வழக்கமான வேகத்துக்கு), பிறகு நியூட்ரலில் வைத்து 4எல் (மெதுவாக, அதிக இழுவைக்கு) போட்டு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, முன் சக்கரம் உண்மையில் இழுக்க வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃப்ரென்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் இப்படித் திருப்பக் கூடாது, உள்ளே முறுக்கிக்கொள்ளும். டிஃப்ரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, பால்போல வெளுத்திருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று பொருள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் புதிது என்றால் முன், பின் அச்சுகளை இணைக்கும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகிறது.

## கறுப்புப் பூச்சு

அடிப்பாகம் புத்தம் புதிதாகக் கறுப்படித்திருந்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தனிச் சேஸிஸ் உள்ள எஸ்யூவியில் துரு உள்ளிருந்து வெளியே வரும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பின் அச்சுக்கு மேல் வளைவு, டேங்குக்கு மேல்புறம் இந்த மூன்றையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். ஓசை மழுங்கிப்போய், பூச்சோடு சேர்ந்து செதில் உதிர்ந்தால் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.