திருச்சியில் இறங்கி, கரையோடு நாகப்பட்டினம்: கிராவல் சைக்கிளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் செமினி பக்கமும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கமும் செம்பனைத் தோட்டத்து மண் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை கிராவல் சைக்கிள், அதாவது மண் சாலைக்கேற்ற அகல டயர் சைக்கிள், ஓட்டிப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் துணி எடுக்கவும் ஊருக்குப் போகும்போது நாம் சைக்கிளைக் கோலாலம்பூரிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த முறை கொண்டுபோங்கள். நம் தாத்தா பாட்டியின் ஊர்கள் பல நெடுஞ்சாலையில் இல்லை. ஆற்றங்கரையில், வாய்க்கால் ஓரத்தில், வண்டிப்பாதையின் முடிவில் இருக்கின்றன. வாடகைக் காரில் போனால் ஊர் மட்டும்தான் தெரியும். கரையோடு போனால் ஊருக்கு ஊர் என்ன உறவு என்பதும் தெரியும்.

முதலில் மாதம். நம்மில் பலர் பள்ளி விடுமுறையை வைத்து டிசம்பரில் கிளம்புகிறோம். சைக்கிளுக்கு அது சரிப்படாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. காவிரிப் படுகையின் வண்டல் களிமண் நனைந்தால் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். என் முதல் பயணம் டிசம்பரில்தான். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் சேற்றில் செயின் இழுத்து, பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் முறிந்தது. மாற்று ஹேங்கர் கையில் இல்லாததால் அன்றோடு பயணம் முடிந்தது. ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பதால் பிப்ரவரியில் ஆறுகளில் தண்ணீர் வடிந்திருக்கும். ஆனால் கரை காய்ந்து கெட்டியாக இருக்கும், வயலில் சம்பா அறுவடை நடக்கும். தண்ணீரோடு ஆற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆகஸ்டு. அப்போது வெயிலுக்குத் தயாராகப் போங்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவை, இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். சைக்கிளுக்கான விளையாட்டுச் சாமான் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட்டால் கவுன்டரில் நின்று பேச வேண்டியிருக்காது. டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் வேண்டாம், கைப்பம்பு போதும். இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். அதற்காக விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு. ஹேண்டில்பாரில் மாட்டும் சாதாரண ஜிபிஎஸ் கருவிக்குப் பிரச்சினை இல்லை.

டயர் அகலம் 40 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் கட்டாயம். காரணம் முள். கரை ஓரத்தில் சீமைக் கருவேல முள், திடலில் நெருஞ்சி. சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் புதிதாக ஊற்றிக்கொண்டு, பெரிய ஓட்டையை அடைக்கும் பிளக் ஒரு கொத்து, அவசரத்துக்கு இரண்டு டியூப், ஹேங்கர் ஒன்று, செயின் இணைப்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து சைக்கிள் கடைக்காரர் கை தேர்ந்தவராக இருப்பார். ஆனால் நம் சைக்கிளில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அவர் பம்பு பொருந்தாது. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கவும் பித்தளை அடாப்டர் ஒன்று தேவை. சட்டைப்பை அளவுகூட இல்லாத அந்தச் சாமானை மறந்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது வழி. ஸ்ரீரங்கத்திலோ திருவானைக்காவலிலோ தங்கி விடியற்காலை கிளம்புங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தீவின் கிழக்கு நுனி நோக்கி, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போனால் கல்லணை. கரிகாலன் கட்டியது என்று பள்ளிப் பாடத்தில் படித்ததோடு நிறுத்தாமல் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நான்காகப் பிரிவது இங்கேதான். இதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த மூன்று நாள் வரைபடம் அவ்வளவாகத் தேவைப்படாது. தஞ்சைச் சமவெளி முழுவதும் இந்தப் பிரிவின் பிரிவுகள்தான்.

கல்லணையிலிருந்து காவிரிக் கரையோடு திருக்காட்டுப்பள்ளி, அங்கே குடமுருட்டி பிரிகிறது. பிறகு திருவையாறு. முதல் இரவுக்குத் திருவையாறு போதும், இல்லாவிட்டால் 13 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர். தியாகராஜர் ஆராதனை ஜனவரியில் வந்தால் அறை கிடைப்பது கடினம், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். மூன்றாம் நாள் குடவாசல், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம். மூன்று நாளும் சேர்த்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தூரம் குறைவுதான். கரையில் வேகம் வராது, வரவும் வேண்டாம்.

கரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. சில இடம் தார், சில இடம் கப்பி ரோடு, சில இடத்தில் ஆட்டுத்தடம் மட்டும். வழி முடிந்துவிட்டது போலத் தோன்றினால் "அண்ணே, இந்தக் கரை எங்க போகுது?" என்று கேளுங்கள். "நேரா போங்க தம்பி, மதகு தாண்டி இடது பக்கம் எறங்குங்க" என்று பதில் வரும். மதகு, ஷட்டர், கலுங்கு, படித்துறை, இவைதான் அங்கே வழி அடையாளங்கள். கூகுள் காட்டும் தெருப்பெயர்கள் அல்ல. எந்த ஊர் என்று கேட்பார்கள். மலேசியா என்றால் அடுத்த கேள்வி "பூர்வீகம் எது?" என்பதுதான். தாத்தாவின் ஊர்ப் பெயரையும் தாலுகாவையும் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் நான்கு ஊர் இருக்கும்.

ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒரு குடும்பத்தின் வருடத்து உழைப்பு. தெருநாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல் என்று விடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108.

மேடு பள்ளம் வேண்டும் என்பவர்களுக்குத் திருச்சிக்குத் தெற்கே வேறொரு உலகம் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமை. நார்த்தாமலை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சிவந்த சரளை மண், கண்மாய்க் கரைகள், தைல மரக் காடுகள், நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். இந்தச் செம்மண்ணை லோரிக்காரர்களே 'கிராவல்' என்றுதான் சொல்வார்கள். மழை நின்ற மறுநாளே ஓட்டலாம், சமவெளிக் களிமண் மாதிரி ஒட்டாது. நார்த்தாமலைப் பாறையில் மேற்கு பார்த்து நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தின் கருவறை வட்டமானது. அங்கிருந்து சித்தன்னவாசல் போய் ஏழடிப்பட்டத்தின் 17 கற்படுக்கைகளைப் பாருங்கள். மெருகேறிய அந்தப் பாறையில் கை வைத்தால் வெயிலிலும் குளிர்ந்திருந்தது. எனக்கு இந்த ஒரு நாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைவிடப் பிடித்தது. கொல்லிமலை தார்ச்சாலை, ஏற்றம் விரும்புகிறவர்களுக்கானது. எந்த மலையானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுத்தடத்தில் இறங்காதீர்கள்.

நாகப்பட்டினத்துக்கு மாலை நான்கு மணிக்குள் சேரப் பாருங்கள். நம் பாட்டன்மார் பலர் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் கப்பல் ஏறிய துறை இது. ரஜூலா கப்பல் பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, நேரமிருந்தால் நாகூர் தர்காவுக்கும் போய் வாருங்கள். பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவின் மூலம் அதுதான்.

திரும்பத் திருச்சிக்கு 'குட்டி யானை' பேசிக்கொள்ளுங்கள். சின்ன டாட்டா ஏஸ் வண்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சைக்கிளைப் படுக்கப் போடாமல் நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள், போர்வை ஒன்றைச் சுற்றுங்கள். பெட்டியில் அடைப்பதற்கு முன் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் டயரிலும் பிரேமிலும் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். மண்ணோடு வரும் சாமானை இங்கே மலேசியச் சுங்கத்தில் தடுத்து வைக்கலாம். தண்ணீர்ப் பைப்பைச் சக்கர நடுவிலுள்ள ஹப்பிலும் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டிலும் நேராக அடிக்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும்.