வேலை போனதும் முதலில் கேட்க வேண்டியது நாள்கள்

சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஆட்குறைப்பில் வேலை போவது புதிதாக வந்தவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. ஊரில் வேலை போனால் சம்பளம் மட்டும்தான் நிற்கும். இங்கே சம்பளத்தோடு தங்கும் உரிமையும் நிற்கும். இபி எனப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட் ஆகிய மூன்று வேலை அனுமதி அட்டைகளுமே ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்காக மட்டும் தரப்படுபவை. அந்த நிறுவனம் உங்களை அனுப்பிவிட்டால் அட்டையும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு வேலையில் இருக்கும்போதே படிப்பவர்களுக்காகவும், இன்று காலையில்தான் அந்தக் கூட்ட அறைக்குள் அழைக்கப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கடைசி வேலை நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் நிறுவனம் உங்கள் அட்டையை ரத்து செய்ய வேண்டும். ரத்தானதும் 30 நாளுக்கான குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். உங்கள் அட்டையைச் சார்ந்து இங்கே இருக்கும் மனைவி, பிள்ளைகளின் அனுமதியும் உங்களுடையதோடு முடிந்துவிடும். அந்த 30 நாளில் வேலை தேடலாம், நேர்காணலுக்குப் போகலாம். ஆனால் வேலை செய்யக் கூடாது. நண்பரின் கடையில் நான்கு நாள் கைகொடுப்பதும், உணவு விநியோகம் செய்வதும், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுப்பதும் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அடுத்த அட்டைக்கான வாய்ப்பே கெட்டுவிடும்.

30 நாள் என்றதும் ஒரு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இபிக்கும் எஸ் பாஸுக்கும் விண்ணப்பிக்கும் முன் நிறுவனம் அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் தொடர்ந்து விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 22,500 வெள்ளிக்குக் குறையாத வேலை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதன் பிறகு மனிதவள அமைச்சு பரிசீலிக்கச் சுமார் 10 வேலை நாள் ஆகும். சனி, ஞாயிறைச் சேர்த்தால் இரண்டு வாரம். ஆக, 28 நாள் இதிலேயே கரைந்துவிடுகிறது. நேர்காணல், இரண்டாம் சுற்று, சம்பளப் பேச்சு எல்லாவற்றுக்கும் எஞ்சுவது இரண்டே நாள். அட்டை ரத்தான பிறகு தேட ஆரம்பித்து அந்த 30 நாளுக்குள் எல்லாம் முடியும் என்று நம்பியிருப்பது ஆபத்து.

அதனால்தான் சொல்கிறேன்: எச்ஆர் முன் உட்காரும்போது எவ்வளவு பணம் தருவீர்கள் என்பதற்கு முன்னால் என் கடைசி நாள் எது என்று கேளுங்கள். பல நிறுவனங்கள், "இன்றே கடைசி நாள், இரண்டு மாத நோட்டீஸ் சம்பளத்தை மொத்தமாகத் தந்துவிடுகிறோம்" என்று சொல்லும். கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். வெளிநாட்டுக்காரருக்கு அது பாதகமான ஏற்பாடு. அதே இரண்டு மாதமும் நீங்கள் ஊழியராகப் பதிவில் நீடித்தால் அட்டை உயிரோடு இருக்கும். வேலை செய்யாமல் வீட்டிலேயே இருந்தாலும் சரிதான். நிறுவனத்துக்குச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. உங்களுக்கு அறுபது நாள் கிடைக்கிறது. "நோட்டீஸ் காலம் முழுவதும் பதிவில் இருக்க விரும்புகிறேன், கணினியையும் நுழைவட்டையையும் இன்றே ஒப்படைத்துவிடுகிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். மறுத்தால் மறுக்கட்டும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

அந்த அறையில் நீட்டப்படும் தாளை அங்கேயே கையெழுத்திட்டுத் தர வேண்டியதில்லை. படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். முக்கியமாக, ஆட்குறைப்பை நீங்களாகவே வேலையை விட்டதுபோல் மாற்றி எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பதிவுக்கு நல்லது, அடுத்த வேலை எளிதாகக் கிடைக்கும் என்று சமாதானம் சொல்வார்கள். ஆட்குறைப்பு என்று சொல்வதில் இங்கே எந்த இழுக்கும் இல்லை. ராஜினாமா என்று எழுதிக்கொடுத்தால் இழப்பீடு கேட்கும் நிலை பலவீனமாகிவிடும். நியாயமற்ற பணிநீக்கம் என்று புகார் செய்ய வேண்டுமானால் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள்ளும், சம்பள பாக்கி என்றால் ஆறு மாதத்துக்குள்ளும் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பான டாடெமிடம் போக வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றி எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். இரண்டாண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையான சம்பளம் என்பது வழக்கத்தில் இருக்கும் அளவு. புதிதாக வந்தவர்களுக்குக் கருணைத் தொகையாக ஏதாவது தந்தால் உண்டு.

பலரையும் திடுக்கிட வைப்பது வரி விஷயம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் ஐஆர்21 படிவத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வரிக்கணக்கு தீரும் வரை உங்களுக்குச் சேர வேண்டிய கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம், இழப்பீடு எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. நிறுவனம் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறது என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். படிவம் போய்ச் சேர்ந்ததிலிருந்து அதிகபட்சம் 30 நாள்தான் பிடித்துவைக்க முடியும். ஆனால் அந்த மாத வாடகையை எதிலிருந்து கட்டுவது? இதை வேலையில் இருக்கும்போது படிப்பவர்கள் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ஊருக்கு அனுப்பாமல் இங்குள்ள கணக்கிலேயே வைத்திருங்கள். ஊரில் கடன் இருக்கிறது, தங்கை திருமணம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தத் தொகையைத் தொடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை இடையில் முடிக்க அது அனுமதிக்கும். பொதுவாக ஓராண்டு முடிந்த பின், இரண்டு மாத முன்னறிவிப்போடு என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பிரிவு இல்லாமல் இரண்டாண்டுக்குக் கையெழுத்திட்டவர்கள் முன்பணத்தை இழக்க நேரிடலாம். வீட்டுக்காரரிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். மாற்று வாடகைதாரரை நீங்களே கொண்டுவந்து கொடுத்தால் பெரும்பாலானோர் இறங்கிவருவார்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் கடைசி நாளோடு நின்றுவிடும். பல், கண், பிள்ளைகளுக்கான தடுப்பூசி எதுவும் பாக்கியிருந்தால் முன்பே முடித்துவிடுங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி இபி இருந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். வேலையில் நீடிப்பவரின் மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால், மற்றவரையும் பிள்ளைகளையும் தம் அட்டையின்கீழ் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளையைப் பெயர்த்து எடுத்துப் போகும் வேதனையாவது இல்லாமல் போகும்.

இனி வேலை தேடுவது. நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் செய்தியை மறைப்பது. செங்காங்கிலோ பொங்கோலிலோ பக்கத்து புளோக்கில் இருக்கும் நண்பருக்குக்கூடச் சொல்லாமல் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ஏறி நூலகத்தில் போய் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம் சொல்லாதவர்களும் உண்டு. வேண்டாம். அன்று இரவே வீட்டில் சொல்லுங்கள். மறுநாள் பழைய சகாக்கள், கல்லூரித் தோழர்கள், கோயிலில் பழகியவர்கள் என எல்லோருக்கும் சொல்லுங்கள். என்ன வேலை தெரியும், எவ்வளவு அனுபவம், அட்டை எந்தத் தேதி வரை என்று மூன்றே வரி போதும். தேதியைச் சொன்னால்தான் அவசரம் புரியும். அவரவர் நிறுவனத்தில் ஏற்கெனவே விளம்பரம் முடிந்த வேலை எது என்று உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த 14 நாள் முன்பே கழிந்துவிட்ட வேலைதான் உங்களுக்குத் தேவை.

இரண்டாவது, இபி தரலாமா என்று முடிவுசெய்யப் பயன்படும் காம்பஸ் புள்ளிக் கணக்கு. 2023 செப்டம்பர் முதல் புதிய இபி விண்ணப்பங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், உள்ளூர் ஊழியர்களின் விகிதம் என நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் 0, 10, 20 என்று கிடைக்கும். சாதாரணப் பொறியியல் பட்டத்துக்கு 10, துறையில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான சம்பளத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். மீதி இருபதும் நிறுவனத்தைப் பொறுத்தது. நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் கால்பங்கோ அதற்கு மேலோ இந்தியராக இருந்தால் அந்தப் பிரிவில் நமக்குப் பூஜ்யம். அதாவது சாங்கி பிசினஸ் பார்க்கில் நம்மவர்கள் நிறைந்த, நமக்கு மிக எளிதாகக் கதவு திறக்கும் அலுவலகங்களில்தான் அட்டை கிடைப்பது கடினம். அதே ஆள், அப்படிப்பட்ட ஊழியர்கள் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்குப் போனால், அந்த இரண்டு பிரிவிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்து 40 நிறைவாகிவிடுகிறது. சீன, ஜப்பானிய, உள்ளூர் நிறுவனங்களில் நமக்கென்ன வேலை என்று ஒதுக்காதீர்கள். உங்கள் தேடலில் பாதியாவது அங்கே இருக்கட்டும். பற்றாக்குறை என்று அரசு அறிவித்திருக்கும் தொழில்களின் பட்டியலில் உங்கள் வேலை இருந்தால் கூடுதல் புள்ளி உண்டு. மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்து, முடிவை நேர்காணலுக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலேயே இருக்கலாம். உங்களுக்கு அட்டை கிடைக்கும் என்று நீங்களே காட்டுவது பெரிய பலம்.

பதற்றத்தில், குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை என்று இறங்கிப் போவது இங்கே உதவாது. 2025 ஜனவரி முதல் புதிய இபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது கூடக்கூட இதுவும் கூடி, நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 வரை போகிறது. சம்பளத்தைக் குறைத்தால் புள்ளியும் குறையும். நிறுவனம் வேலை தரத் தயாராக இருந்தும் அட்டை மறுக்கப்படும்.

சம்பளத்தை அதிகமாகக் காட்டுகிறோம், மாதாமாதம் மீதியைக் கையில் திருப்பித் தந்துவிடு என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வேலை தருவதற்காகப் பணம் வாங்குவது குற்றம். உரிமம் பெற்ற முகவர்கூட ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்பதற்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "பாஸ் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்பவரின் பெயர் அமைச்சின் முகவர் பட்டியலில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு விதிகள் வேறு. உங்கள் பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புதிய முதலாளி விண்ணப்பிக்க முடியும். ஊருக்கு அனுப்புவதானால் விமானச் செலவு முதலாளியுடையது. சம்பளத்தைத் தராமல் நேரே விமான நிலையத்துக்கு அழைத்துப் போக முயன்றால், குடிநுழைவு அதிகாரியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையமும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பும் இத்தகைய வழக்குகளில் உதவுகின்றன.

30 நாள் முடிந்தும் ஒன்றும் அமையவில்லை என்றால்? குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் நீட்டிப்புக் கேட்கலாம், உறுதி கிடையாது. நேர்காணல் முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்பதற்கான கடிதத்தை இணையுங்கள். ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்காதீர்கள். ஊருக்குப் போவதால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. திருச்சியில் இருந்துகொண்டே காணொளியில் நேர்காணல் தரலாம். நிறுவனம் சிங்கப்பூரிலிருந்தே உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கடிதம் வந்ததும் அதைக் காட்டித் திரும்ப வரலாம். கிளம்பும் முன் பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பு அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வேலை பார்த்ததற்கான கடிதம், வரித் தீர்வுத் தாள் எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வேலை கிடைத்தவுடன் மகிழ்ச்சியில் மறுநாளே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒப்புதல் கடிதம் என்பது அட்டை ஆகாது. பழைய அட்டை ரத்தாகி, புதியது வழங்கப்பட்ட பிறகுதான் வேலையைத் தொடங்கலாம். சேர்ந்து 14 நாளுக்குள் சம்பளம், வேலை நேரம், விடுப்பு முதலியவற்றை எழுத்தில் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. அதில் இரண்டு இடத்தை முதலில் பாருங்கள்: தகுதிகாண் காலத்தில் நோட்டீஸ் எத்தனை நாள், அது முடிந்த பின் எத்தனை நாள். ஒரு வாரம் என்று இருந்தால் ஒரு மாதமாக்கக் கேளுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் ஒப்புதல் கடிதத்தில் அமைச்சிடம் அறிவித்த தொகையோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அன்றே எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.